ஏற்றத்துக்கு கியர், இறக்கத்துக்குப் பழக்கம்

நீங்கள் கேட்டது சைக்கிளைப் பற்றி. சென்னையில் வைத்திருக்கும் ஹைபிரிட்டை விமானத்தில் கொண்டுவருவதா, இத்தாலியில் கிராவல் பைக், அதாவது சரளைச் சாலைக்கென்று செய்த சைக்கிள், வாடகைக்கு எடுப்பதா என்று. இரண்டாம் முறை படித்தபோதுதான் உள்ளே இருக்கும் கேள்வி கண்ணில் பட்டது. வயது 43, வாரம் இரண்டு நாள் ஈ.சி.ஆரில் 60 கிலோமீட்டர், எல்லாம் சமதளம். அப்படிப்பட்டவர் அக்டோபர் முதல் வாரத்தில் மூன்று நாள் கியாந்தியின் திராட்சைத் தோட்டச் சரிவுகளில் ஓட்டினால் உடம்பு தாங்குமா என்பதுதான் உங்கள் கவலை. போகிற போக்கில், சைக்கிள் பழக்கம் குறைந்த மனைவியும் வர முடியுமா என்று ஒரு வரி. அதைக் கடைசியில் சொல்கிறேன். நான் சியெனாவுக்குப் பக்கத்தில் ஒன்பது வருடம் சைக்கிள் மெக்கானிக்காக இருந்தவன். அதில் ஆறு சீசன் வெளியூர்க்காரர்களைக் கூட்டிக்கொண்டு அங்கே வெள்ளைச் சாலைகள் என்று சொல்லும், தார் போடாத சுண்ணாம்புச் சரளைச் சாலைகளில் ஓட்டியிருக்கிறேன். அந்த அனுபவத்தை வைத்துத்தான் பேசுகிறேன்.

முதலில் கிலோமீட்டர் கணக்கை மறந்துவிடுங்கள். ஃப்ளோரன்ஸுக்கும் சியெனாவுக்கும் இடையில் இருக்கும் கியாந்தியில் பெரிய மலை என்று ஒன்றும் கிடையாது. ராடா ஊர் கடல் மட்டத்திலிருந்து 530 மீட்டர், காஸ்தெல்லீனா 580க்குப் பக்கம், கயோலே 360. ஏலகிரிகூட இவற்றைவிட உயரம். ஆனால் ஏலகிரியில் ஒரு முறை ஏறினால் ஏறியதுதான். இங்கே ஊர்கள் முகட்டில் இருக்கின்றன, இரண்டு முகட்டுக்கு நடுவே ஓடை பள்ளம் வெட்டி வைத்திருக்கிறது. அடுத்த ஊர் கண்ணுக்கு எதிரே, கை நீட்டினால் தொடலாம் போலத் தெரியும். போக வேண்டுமென்றால் 200 மீட்டர் இறங்கி மறுபடி 200 மீட்டர் ஏற வேண்டும். ஒவ்வொரு ஏற்றமும் ஒன்றிரண்டு கிலோமீட்டர்தான், சரிவு 8 முதல் 12 சதவீதம். அதுவே ஒரு நாளில் ஆறு ஏழு தடவை வரும். அதனால் நாளைத் திட்டமிடும்போது எத்தனை மீட்டர் ஏறுகிறோம் என்று மட்டும் பாருங்கள். உங்கள் நிலையில் ஒரு நாளுக்கு 800 மீட்டர் ஏற்றம் சுகமாக இருக்கும். 1,000 மீட்டர் வந்தால் மாலையில் படியேற யோசிப்பீர்கள். 1,300ஐ முதல் நாளே தொட வேண்டாம். கிலோமீட்டரில் பார்த்தால் இது 40, 50தான். ஈ.சி.ஆரில் இரண்டு மணி நேரத்தில் முடிகிற தூரம், இங்கே ஐந்து மணி நேரம் பிடிக்கும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இப்போது கியர். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது, ஏனென்றால் இது வெறும் கணக்கு. நீங்கள், சைக்கிள், பை, தண்ணீர் எல்லாம் சேர்த்து 80 கிலோ என்று வையுங்கள். 10 சதவீத ஏற்றம். பெடலை நிமிடத்துக்கு 60 சுற்றுக்குக் கீழே விட்டால் முட்டி வலிக்க ஆரம்பிக்கும். சாதாரண ரோடு பைக்கின் ஆகச் சிறிய கியரில், அதாவது முன்னால் 34 பல், பின்னால் 28 பல்லில், 60 சுற்று சுற்றினால் வேகம் மணிக்கு 9.6 கிலோமீட்டர் ஆகிவிடும். புவியீர்ப்பை எதிர்க்க மட்டுமே ஏறத்தாழ 210 வாட் வேண்டும். சரளையின் உராய்வு அதற்கு மேல். சமதளத்தில் 25 கிலோமீட்டர் வேகத்தில் போகிற ஆள் 150 வாட்டைச் சுற்றித்தான் கொடுத்துக்கொண்டிருப்பார். ஆக, அந்த கியரில் நீங்கள் 60 சுற்றில் நிற்க முடியாது. 40க்கு இறங்குவீர்கள், முட்டி அழும், பிறகு இறங்கித் தள்ளுவீர்கள். இதையே முன்னால் 28, பின்னால் 32 பல்லில் செய்து பாருங்கள். வேகம் 7க்குக் கொஞ்சம் கீழே வரும், தேவைப்படுவது 150 வாட். உங்களிடம் இருப்பதும் அதுதான்.

அந்த 28க்கு 32 எங்கிருந்து வந்தது தெரியுமா? முன்னால் மூன்று பல்சக்கரம் வைத்த பழைய ஹைபிரிட்களில் பெரும்பாலும் இருக்கும் கியர் அது. கடையில் "அந்தக் கால மாடல்" என்று ஒதுக்கும் சைக்கிள், இந்த ஏற்றத்தில் பல லட்ச ரூபாய் ரோடு பைக்கைவிட உங்களுக்கு உதவும். இன்றே உட்கார்ந்து உங்கள் சைக்கிளின் பற்களை எண்ணுங்கள். முன்பக்கச் சின்னச் சக்கரத்தின் பற்கள் பின்பக்கப் பெரிய சக்கரத்தின் பற்களைவிடக் குறைவாகவோ சமமாகவோ இருந்தால் கியர் விஷயத்தில் பாஸ்.

அப்படியானால் ஹைபிரிட்டையே கொண்டுவரலாமே என்று கேட்பீர்கள். வேண்டாம் என்பேன், காரணம் டயரும் பிரேக்கும். ரிம்மை ரப்பர் கட்டை பிடிக்கிற பிரேக்கில் வெள்ளைச் சாலையின் சுண்ணாம்புத் தூசி அரைத்த மாவு மாதிரி ஒட்டிக்கொள்ளும். மழை பெய்தால் அதுவே உப்புத்தாள் போல ரிம்மைத் தேய்க்கும். உங்களுடையதில் டிஸ்க் பிரேக் இருந்து, 38 அல்லது 40 மில்லிமீட்டர் டயர் உரசாமல் சுற்ற இடமும் இருந்தால் தாராளமாகக் கொண்டுவாருங்கள். இல்லாவிட்டால் சியெனாவிலோ கயோலேயிலோ வாடகைக்கு எடுங்கள். எடுக்கும்போது அளவு சரிதானா என்பதோடு நின்றுவிடாதீர்கள். பின் டயரின் நடுப்பகுதியைக் கட்டைவிரலால் தடவிப் பாருங்கள். சீசன் முடியும் மாதம் அக்டோபர். ஆறு மாதம் வாடகைக்கு ஓடிய டயர் நடுவில் வழுவழுவென்று தேய்ந்திருக்கும். மாற்றிக் கேளுங்கள், பெரும்பாலும் முணுமுணுக்காமல் மாற்றிக் கொடுப்பார்கள்.

அந்த டயரை நான் இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இறக்கம். ஏற்றத்தில் யாரும் எலும்பு உடைத்துக்கொள்வதில்லை. நான் கூட்டிக்கொண்டு போனவர்களில் விழுந்தவர்கள் அத்தனை பேரும் இறக்கத்தில் விழுந்தார்கள், அதிலும் வளைவின் வாயில். நானும் ஒருவன். முதல் வருடம், ராடாவுக்குக் கீழே ஒரு சரிவு. பிற்பகல் வெயில், இரு பக்கமும் பழுத்த இலைகளோடு கொடிகள். எதையோ வேடிக்கை பார்த்துக்கொண்டே வளைவுக்குள் நுழைந்துவிட்டேன். நுழைந்த பிறகு முன் பிரேக்கை ஒரு விரலால் தொட்டேன், அவ்வளவுதான். முன் சக்கரம் கோலிக்குண்டுகள் மேல் ஏறினது போல வழுக்கிக்கொண்டு போனது. முழங்கைக்குள் போன சுண்ணாம்புக் கல் ஒன்று நான்கு நாள் கழித்து வெளியே வந்தது.

வெள்ளைச் சாலையைக் கொஞ்சம் குனிந்து பார்த்தால் அதன் இலக்கணம் தெரியும். கார்களும் டிராக்டர்களும் போய்ப்போய் இரண்டு வண்டித்தடம் சிமெண்ட் போல இறுகியிருக்கும். அந்தச் சக்கரங்கள் ஒதுக்கிய உதிரிக் கல் நடுவிலும் ஓரத்திலும் மேடாகக் குவிந்திருக்கும். வளைவுக்கு முன்னால், எல்லோரும் பிரேக் பிடிக்கிற இடத்தில், தகரக்கூரை போல வரிவரியாக அலை விழுந்திருக்கும். ஆகவே தடத்திலேயே இருங்கள். ஒரு தடத்திலிருந்து மற்றதற்கு மாற வேண்டுமானால் நேர்ப்பாதையில், வேகம் குறைந்திருக்கும்போது மாறுங்கள். பிரேக் வேலையை வளைவுக்கு முன்பே, அந்த அலைகளுக்கும் முன்பே முடித்துவிடுங்கள். வளைவுக்குள் பிரேக்கை விட்டுவிட்டு, வெளிப்பக்கப் பெடலைக் கீழே அழுத்தி, கண்ணை வளைவின் முடிவில் வையுங்கள். கண் பள்ளத்துக்குப் போனால் சைக்கிளும் பள்ளத்துக்குப் போகும். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்காதீர்கள். சக்கரம் கொஞ்சம் ஆடும், ஆடட்டும். ஏறும்போது இன்னொன்று: எழுந்து நின்று மிதிக்காதீர்கள். பின் சக்கரத்தின் மேல் பாரம் குறைந்து அது ஒரே இடத்தில் சுழலும். சீட்டின் முனைக்கு நகர்ந்து, முழங்கையை மடக்கி, உட்கார்ந்தே ஏறுங்கள்.

டயர் காற்றைப் பற்றி ஆளுக்கொரு வேதம் ஓதுவார்கள். 40 மில்லிமீட்டர் டயரில் டியூப் இல்லாமல் 70 கிலோ ஆளுக்கு நான் முன்னால் 33, பின்னால் 36 பிஎஸ்ஐ வைப்பேன். டியூப் இருந்தால் 8, 10 கூட்டுவேன், இல்லையென்றால் கல் விளிம்பில் மோதி டியூப் கடிபடும். இது என் கைப்பழக்கம், விதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மழை வந்தால் என்ன செய்வது என்பது வானிலையைவிட மண்ணைப் பொறுத்தது. இதைப் பலர் கவனிப்பதே இல்லை. கியாந்தியின் மேட்டுப் பகுதியில் இரண்டு மண். ஏடு ஏடாக உதிரும் ஒருவகைக் களிக்கல்லை உள்ளூரில் கலெஸ்த்ரோ என்பார்கள், வெளிறிய கெட்டிச் சுண்ணாம்புக்கல்லை அல்பெரேஸே என்பார்கள். இரண்டும் தண்ணீரைத் தேக்காது. கொடி வேர் ஆழமாக இறங்குவதற்கு எது காரணமோ அதுதான் மழை விட்ட சில மணி நேரத்தில் சாலை ஓட்டும்படி ஆவதற்கும் காரணம். சியெனாவுக்குத் தென்கிழக்கே போனால் கிரேத்தே செனேசி. பெயரிலேயே களிமண் இருக்கிறது. அங்கே திராட்சை குறைவு. கோதுமை வயலும், மொட்டைக் குன்றுகளும், வரிசையாக நிற்கும் சைப்ரஸ் மரங்களும்தான். படங்களில் நீங்கள் பார்த்து மயங்கியது பெரும்பாலும் இந்த இடத்தைத்தான். காய்ந்திருந்தால் சொர்க்கம். நனைந்தால் களி டயரில் சுற்றிச் சுற்றி ஏறி ஃபிரேமுக்கும் சக்கரத்துக்கும் நடுவே அடைத்துக்கொள்ளும், சைக்கிள் உருளவே உருளாது. இட்லி மாவில் கால் வைத்த மாதிரி. அதனால் மழை பெய்த மறுநாள் கியாந்தி, இரண்டு நாள் காய்ந்த பிறகு கிரேத்தே என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் முதல் வாரத்தில் இரண்டும் நடக்கலாம், எந்த நாளையும் முன்கூட்டியே பூட்டி வைக்காதீர்கள்.

மூன்று நாளுக்கு நானாக இருந்தால் கயோலேயில் தங்குவேன். முதல் நாள் தெற்கே ப்ரோலியோ கோட்டை, போக பத்து கிலோமீட்டர். கோட்டைக்கு சைப்ரஸ் மரங்களுக்கு நடுவே வெள்ளைச் சாலை ஏறும். இத்தாலியின் இரண்டாவது பிரதமரான பெத்தினோ ரிகாசோலியின் கோட்டை அது. அவர் 1872இல் எழுதிய ஒரு கடிதத்தில்தான், சாஞ்சொவேஸே திராட்சையை முதன்மையாக வைத்த கியாந்தி ஒயினின் கலவை முதன்முதலில் தெளிவாக எழுத்தில் வந்தது. கருஞ்சேவல் படம் போட்ட கியாந்தி கிளாசிக்கோ ஒயின் பாட்டில்களில் இன்றும் அந்தத் திராட்சை குறைந்தது 80 சதவீதம் இருந்தாக வேண்டும். இரண்டாம் நாள் ராடா வழியாக வொல்பாயா. 600 மீட்டருக்கு மேலே உட்கார்ந்திருக்கும் கோட்டைக் கிராமம், ஏற்றம் கொஞ்சம் கடுமை, இறங்கும்போது முதல் நாள் கற்றதெல்லாம் பயன்படும். மூன்றாம் நாள் காய்ந்திருந்தால் கிரேத்தேயில் மோந்தே சாந்தே மரியே சாலை, 11.5 கிலோமீட்டர். முடிவில் அஷானோ ஊருக்கு இறங்கினால் ரயில் நிலையம் இருக்கிறது, சியெனாவுக்குத் திரும்பலாம். ரயில்கள் குறைவு, நேரத்தை முந்தின இரவே பார்த்துவிடுங்கள்.

அந்தக் கடைசிச் சாலை ஸ்த்ராதே பியாங்கே பந்தயத்தின் உயிர்நாடி. பெயருக்கு வெள்ளைச் சாலைகள் என்றே பொருள். தொழில்முறைப் பந்தயமாக 2007இல் தொடங்கியது. மூன்று முறை வென்ற ஃபாபியான் கான்செல்லாராவின் பெயரை அந்தச் சாலைக்கே வைத்துவிட்டார்கள். 2024இல் ததேய் பொகாச்சார் 80 கிலோமீட்டருக்கு மேல் மிச்சமிருக்கும்போதே இந்தப் பகுதியில்தான் தனியே பிய்த்துக்கொண்டு போனார். ஆனால் இதற்கெல்லாம் மூத்தது லெரோயிக்கா. இந்தச் சாலைகளுக்குத் தார் போட்டுவிடுவார்களோ என்ற பதைப்பில் ஜான்கார்லோ ப்ரோச்சி 1997இல் கயோலேயில் 92 பேரோடு தொடங்கிய பழைய சைக்கிள் ஓட்டம். பெரும்பாலும் 1987க்கு முந்தைய சைக்கிள்களே வரும். வழக்கமாக அக்டோபர் தொடக்கத்தில் நடக்கும். உங்கள் பயணத் தேதியோடு மோதுகிறதா பாருங்கள். மோதினால் கயோலேயில் அறை கிடைப்பது கஷ்டம். வேடிக்கை பார்க்க மட்டும் கொடுத்துவைத்திருக்க வேண்டும். அதன் 209 கிலோமீட்டர் பாதைக்கு நிரந்தரமாக அடையாளப் பலகைகள் உண்டு. எந்த நாளிலும், எந்த சைக்கிளிலும், எவ்வளவு துண்டு வேண்டுமோ அவ்வளவு ஓட்டலாம்.

அக்டோபர் முதல் வாரம் அறுவடையின் உச்சம். குறுகிய சாலையில் திராட்சை நிரம்பிய டிரெய்லரோடு டிராக்டர் வரும். ஒதுங்கி ஒரு காலை ஊன்றி நில்லுங்கள், அவருக்கு அது வேலை, உங்களுக்குப் பொழுதுபோக்கு. கொடியில் கை வைக்காதீர்கள். வேட்டைக் காலமும் அதுவே. செப்டம்பர் மூன்றாம் ஞாயிறு தொடங்கி ஜனவரி முடிய நடக்கும், காட்டுப்பன்றிதான் முக்கிய இலக்கு. இத்தாலி முழுக்க செவ்வாயும் வெள்ளியும் வேட்டைக்கு விடுமுறை. காட்டை ஒட்டிய பாதைகளை அந்த இரண்டு நாளில் வைத்துக்கொண்டால் துப்பாக்கிச் சத்தம் இல்லாமல் ஓட்டலாம். மற்ற நாட்களில் பளிச்சென்ற நிறத்தில் சட்டை போடுங்கள், வேட்டை நடக்கிறது என்று பலகை வைத்திருந்தால் திரும்பிவிடுங்கள். கிரேத்தேயில் ஆட்டு மந்தைகளோடு பெரிய வெள்ளை நாய்கள் இருக்கும். அவற்றிடம் வேகத்தைக் காட்டக் கூடாது. இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு, மந்தையை விட்டு மெதுவாக நடந்து விலகினால் சரியாகிவிடும்.

சாப்பாட்டில் ஒரே எச்சரிக்கை, மதியம் இரண்டரைக்குப் பிறகு கிராமத்தில் அடுப்பு அணைந்துவிடும். டஸ்கனி ரொட்டியில் உப்பே போடமாட்டார்கள். வியர்த்து ஓட்டுகிறவருக்கு அது போதாது, கூடவே பெகொரீனோ செம்மறி ஆட்டுப்பால் சீஸ் ஒரு துண்டு வைத்துக்கொள்ளுங்கள். சைவம் என்று எழுதியிருந்தீர்கள். பூண்டும் தக்காளியும் போட்ட தடித்த பீச்சி நூடுல்ஸ் கேளுங்கள், ஏமாற்றாது. ஒயின் சுவைக்க நிறுத்துவதாக இருந்தால் ஓட்டத்தை முடித்துவிட்டு நிறுத்துங்கள். இத்தாலியச் சட்டத்தில் சைக்கிளும் வாகனம், ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் என்ற வரம்பு உங்களுக்கும் உண்டு. அந்த இறக்கங்களை நினைத்தாலே சட்டம் தேவைப்படாது.

பயிற்சிக்கு இன்னும் பத்து வாரம் இருக்கிறது என்கிறீர்கள், போதும். ஏலகிரிக்கு இரண்டு முறை போய் வாருங்கள், வேகத்துக்காகப் போகாதீர்கள், உட்கார்ந்தபடியே ஒரு மணி நேரம் ஏறிப் பழக வேண்டும். வாரநாளில் கடற்காற்று எதிரே அடிக்கும் பிற்பகலில் ஓட்டினால் ஏற்றத்தின் சாயல் கொஞ்சம் கிடைக்கும், முழுதாகக் கிடைக்காது. முக்கியமானது மூன்றாவது. செம்மண்ணும் சரளையும் உள்ள ஏதாவது ஏரிக்கரைப் பாதையில், மெதுவான வேகத்தில், பின் பிரேக்கை வேண்டுமென்றே இழுத்து சக்கரத்தை வழுக்க விடுங்கள். இருபது முப்பது தடவை வழுக்கினால் உடம்பு பதறுவதை நிறுத்தும். இந்தப் பயிற்சியை எந்த ஜிம்மிலும் வாங்க முடியாது. முட்டியில் பழைய வலி இருப்பதாகச் சொன்னதற்கு நான் பதில் சொல்ல முடியாது. நான் மெக்கானிக், சைக்கிளுக்குத்தான் வைத்தியம் தெரியும். எலும்பு மருத்துவர் ஒருவரிடம் காட்டிவிட்டு டிக்கெட் போடுங்கள். கைபேசி வரைபடத்தையும் முழுக்க நம்ப வேண்டாம். அது சரளைச் சாலை என்று காட்டுவது சில சமயம் ஒரு தோட்டத்தின் பூட்டிய கேட்டில் போய் முடியும். நாளுக்கு ஒரு மாற்றுவழியைக் கையில் வைத்திருங்கள். மாலை ஏழுக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும்.

இனி உங்கள் மனைவி. அவருக்கு மின்சார சைக்கிள் எடுங்கள், அகலமான டயர் உள்ளதாக. ஐரோப்பிய விதிப்படி அதன் மோட்டார் 250 வாட், மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டினால் உதவியை நிறுத்திக்கொள்ளும். மேலே நாம் போட்ட கணக்கில் நீங்கள் தலைகீழாக நின்று கொடுக்கப்போவது 150. இறக்கத்துக்கு மட்டும் அவரையும் ஏரிக்கரைக்கு அழைத்துப் போய்ப் பழக்குங்கள், அந்த வண்டியின் எடை 20 கிலோவுக்கு மேல், பிரேக் பிடித்தால் நிற்க நேரமாகும். மற்றபடி ப்ரோலியோவுக்கு அவர்தான் முதலில் போய்ச் சேருவார். கோட்டை வாசலில் இருந்து நீங்கள் ஏறி வருவதைப் படம் எடுக்கச் சொல்லுங்கள், நேரம் நிறைய இருக்கும்.